குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது மாலத்தீவுக்கு டிக்கெட் போட்ட கதை

எங்கள் 25-வது கல்யாண நாளுக்கு மாலத்தீவு போவது என்று முடிவானதும் அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கடலைப் பாக்கதுக்கா இம்புட்டு ரூவா? உவரிக்குப் போனா காலைல போய்ச் சாயங்காலம் வந்துரலாம்லா?" நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். 2025 ஜூலையில் போய்வந்து, எல்லா பில்லையும் மேசையில் பரப்பி உட்கார்ந்தபோது அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 23 வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். அடுத்தவர் பில்லில் ஐந்து ரூபாய் இடித்தால்கூடக் கண்டுபிடிப்பேன். என் சொந்தப் பயணத்தில் எண்பதாயிரத்துக்கு மேல் கோட்டை விட்டேன்.

ஏன் மாலத்தீவு என்றால், இவருடைய தாய்மாமா தூத்துக்குடியிலிருந்து தோணியில் வெங்காயமும் பலசரக்கும் ஏற்றிக்கொண்டு அந்த நாட்டுத் தலைநகர் மாலேவுக்குப் போய்வந்தவர். திரும்பும்போது மாசிக் கருவாட்டு மூட்டையோடு வருவார். பச்சைத் தண்ணீரையும் வெள்ளை மணலையும் பற்றி அவர் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் இவர். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆசை இவருடையது, ஏற்பாடு முழுக்க என்னுடையது. "நீ பாத்துக்கிடு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். கேட்டுத் தெரிந்துகொள்ள, போய்வந்தவர் ஒருவரும் எங்கள் தெருவில் இல்லை.

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். "ஜூலைல போங்கக்கா. பிப்ரவரில இதே வில்லா டபுள் ரேட்டு" என்றார் அந்தத் தம்பி. தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் வீடு, படியில் இறங்கினால் கடல், நான்கு இரவு, இருவருக்கும் சேர்த்து 1,92,600 ரூபாய். நான் மலைத்துப்போனேன். ஜூலையில் ஏன் பாதி விலை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். வருஷா வருஷம் ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குப் போய்ச் சாரலில் நனைகிற ஊர்க்காரி நான். அந்தச் சாரலைக் கொண்டுவருகிற தென்மேற்குக் காற்று அரபிக்கடலைக் கடந்துதானே வருகிறது. வருகிற வழியில் மாலத்தீவு இருக்கிறது என்று பூகோளத்தில் படித்ததெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ. மே மாதத்திலிருந்து அக்டோபர் முடிய அங்கே மழைக்காலம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வெயில். ஐப்பசி, கார்த்திகை மழை நமக்கு முடிந்து, தை பிறந்து, அறுப்பு நடக்கும் நாட்கள்தான் அங்கே போவதற்கு நல்ல காலம். விலை ஏறுவதும் அப்போதுதான். மழைக்காலத்தில் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பா அட்டோல் என்ற பவளத் தீவு வளையத்தில் ஹனிஃபாரு என்ற விரிகுடாவில் பெரிய பெரிய திருக்கை மீன்கள் கூட்டமாக வருவது இந்த மாதங்களில்தான், அதைப் பார்க்கவென்றே போகிறவர்கள் உண்டு. எதற்காகப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். நான் போட்டோவைப் பார்த்துப் போனேன்.

சரி, பணத்துக்கு வருகிறேன். அந்தத் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலைப்பட்டியலில் ஓர் இரவுக்கு 560 டாலர் என்று இருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் ++ என்று இரண்டு கூட்டல் குறி. ஏதோ ஸ்டார் ரேட்டிங் போல என்று விட்டுவிட்டேன். 50,000 அட்வான்ஸ் கட்டி, அது திரும்ப வராது என்று கையெழுத்தும் போட்ட பிறகு இறுதி இன்வாய்ஸ் வந்தது. 3,55,681 ரூபாய். ராத்திரி பத்து மணிக்கு அதைப் பார்த்தேன். இவர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.

அந்த இரண்டு கூட்டல் குறியில் முதலாவது 10 சதவீதம் சேவைக் கட்டணம். இரண்டாவது சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலை 1 முதல் 17 சதவீதம், அதற்கு முன்பு 16. இரண்டையும் கூட்டி 27 என்று நினைக்கக் கூடாது. சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகைக்கு மேல்தான் வரி விழுகிறது. அதனால் 100 டாலர் என்று போட்டிருந்தால் கட்டவேண்டியது 128.70 டாலர். எங்கள் நான்கு இரவுக்கான 2,240 டாலர் 2,883 ஆனது இப்படித்தான். டாலர் 86 ரூபாய் இருந்த நேரம், அதுவே 55,000 கூடுதல். அப்புறம் பசுமை வரி. ரிசார்ட்டில் தங்கினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், எங்களுக்கு 96 டாலர். இதில் வரியெல்லாம் அந்த நாட்டு அரசாங்கம் வாங்குவது, பேரம் பேச முடியாது. ஆனால் முதலிலேயே "எல்லா வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, அதை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டிருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தை நான் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய அடி போக்குவரத்து. அங்கே ஒரு தீவு என்றால் ஒரு ரிசார்ட். மாலே விமான நிலையத்திலிருந்து அந்தத் தீவுக்குப் போக ஒன்று வேகப்படகு, இல்லையென்றால் கடல் விமானம், தூரம் என்றால் உள்நாட்டு விமானம். எங்கள் தீவுக்குக் கடல் விமானம் மட்டும்தான். போய்வர ஆளுக்கு 480 டாலர், இருவருக்கும் 82,560 ரூபாய். திருவனந்தபுரத்திலிருந்து மாலே போய்த் திரும்ப எங்கள் இருவருக்கும் ஆனதே 36,000 ரூபாய்தான். நாடு விட்டு நாடு போக ஆனதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் முக்கால் மணி நேரப் பறத்தலுக்கு! ரிசார்ட்டின் அறை விலையைப் பார்ப்பதற்கு முன்பு அது மாலேவிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். படகில் போகிற தூரத்தில் இருந்தால் இந்தச் செலவு பெருமளவு குறையும்.

இன்வாய்ஸில் இன்னொரு வரி எனக்குப் பழகிய வரி, டிசிஎஸ். வெளிநாட்டுப் பயணப் பேக்கேஜ் என்றால் டிராவல்ஸ்காரர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டுவது. அப்போது 10 லட்சம் வரை 5 சதவீதம். எங்களுக்கு 16,937. இதில் பதற ஒன்றுமில்லை. நம் பான் எண்ணில் வரவாக ஏறும், ரிட்டர்ன் போடும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் திரும்ப வாங்கலாம். யார் பான் எண் கொடுக்கிறீர்களோ அவர் கணக்கில்தான் ஏறும். அதை மட்டும் யோசித்துக் கொடுங்கள்.

விசாவுக்கு இந்தியர்களுக்கு அலைச்சல் இல்லை, போய் இறங்கினால் இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்று ஓர் இணையப் படிவம் நிரப்ப வேண்டும். அதுவும் இலவசம். நான் தேடியபோது முதலில் வந்த தளத்தைத் திறந்தேன், அரசாங்கத் தளம் மாதிரியே கொடி, முத்திரை எல்லாம் இருந்தது. ஆளுக்கு 2,400 என்று வாங்கிக்கொண்டது. 4,800 ரூபாய் போனது அவ்வளவு சுலபமாக.

இனி அந்த நாள். திருவனந்தபுரத்திலிருந்து மதியம் 12.30-க்கு விமானம். விடியக்காலை ஐந்து மணிக்கே கார் எடுத்து, நாகர்கோவில், மார்த்தாண்டம் நெரிசலையெல்லாம் தாண்டி நேரத்துக்குப் போய்விட்டோம். விமானம்தான் வரவில்லை. இரண்டரை மணி நேரம் தாமதம். எனக்கு அப்போதுகூடப் பதற்றம் இல்லை, போய்ச் சேர்ந்தால் போதும் என்ற நினைப்பு. மாலேயில் இறங்கியபோது அங்கத்திய நேரம் 3.50, நம் நேரத்தைவிட அரை மணி பின்னால். குடியேற்றம் முடிந்து பெட்டியை எடுத்துக்கொண்டு ரிசார்ட் கவுன்டரில் நின்றபோது நான்கரை. அந்தப் பெண் எங்கள் பெயரைப் பட்டியலில் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள். கடல் விமானம் வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான் பறக்கும். இருட்டில் தண்ணீரில் இறங்க முடியாது. மூன்றரைக்கு மேல் வந்து சேர்ந்தால் அன்றைக்குப் பெரும்பாலும் கிடைக்காது. எங்கள் தீவுக்குக் கடைசி விமானம் போய்விட்டது.

டிராவல்ஸுக்குப் போன் போட்டேன். "ஃப்ளைட் லேட்டுக்கு நான் என்னக்கா செய்ய முடியும்?" என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம். மீதிப் பாதி, மதியம் வரும் விமானத்தை இந்தத் தீவோடு சேர்த்துக் கோத்துக் கொடுத்தவர் அவர்தானே. தாமதமானால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகாத முதல் இரவுக்கும் முழுப் பணம், வரியோடு 61,982 ரூபாய், திரும்ப வராது. ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற பயணக் காப்பீட்டை "நாலு நாளுக்கு எதுக்கு" என்று நான்தான் வேண்டாம் என்றிருந்தேன். காப்பீடு எடுக்கிறவர்கள் இணைப்பு தவறினால் என்ன கிடைக்கும், எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு கிடைக்கும் என்று படித்துவிட்டு எடுங்கள். அதைவிட நல்லது, காலையில் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுவது. அப்படி விமானம் கிடைக்காவிட்டால், முதல் இரவை மாலே பக்கத்திலேயே மலிவாக ஓர் அறை எடுத்துக் கழித்துவிட்டு மறுநாள் காலையிலிருந்து ரிசார்ட்டைப் பதிவு செய்வது.

அன்று ராத்திரி ஹுல்ஹுமாலேயில் ஓர் அறை. கடலைத் தூர்த்து உருவாக்கிய தீவு அது. அடுக்குமாடி வீடுகள், ஸ்கூட்டர்கள், பலசரக்குக் கடைகள். கல்யாண நாள் அன்றைக்குத்தான். இவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். வெளியே வந்தபோது இவர் கொண்டுபோன அல்வா டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எந்தத் தீவா இருந்தா என்ன" என்றார்.

மறுநாள் காலை கடல் விமானக் கூடத்தில் எடை போட்டார்கள். ஆளுக்குப் பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ. எங்களுடையது 12 கிலோ அதிகம். காரணம் நான்தான். எங்கள் பேக்கேஜில் காலையும் ராத்திரியும் மட்டும் சாப்பாடு. மதியத்துக்கென்று அரிசி, பருப்புப்பொடி, ஊறுகாய், முறுக்கு, ஒரு கெட்டில் என்று கட்டிக்கொண்டு போயிருந்தேன். அதற்குத் தண்டம் 60 டாலர், 5,160 ரூபாய். அந்தப் பணத்துக்கு ஒரு நாள் மதியம் அங்கேயே சாப்பிட்டிருக்கலாம். இவர் பூஜையில் இருந்த சின்ன முருகன் சிலையை எடுத்து வைத்ததை மட்டும் நல்லவேளையாக வீட்டிலேயே கண்டுபிடித்து எடுத்துவிட்டேன். வழிபாட்டுச் சிலைகள், மது, பன்றி இறைச்சி எதையும் அந்த நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. திரும்பும்போது பவளத் துண்டு, ஆமை ஓடு எதையும் எடுத்து வரவும் கூடாது.

விமானம் சின்னது, பதினைந்து பேர் உட்காரலாம். பைலட் அரைக்கால் சட்டையோடு வெறுங்காலில் உட்கார்ந்திருந்தார். இவர் என் கையைக் கிள்ளி அந்தக் காலைக் காட்டினார். மேலே போனதும் கீழே தெரிந்த காட்சிக்கு விலை சொல்ல மாட்டேன். கருநீலக் கடலில் வெளிர்பச்சை வளையங்கள், வளையத்துக்குள் வளையம். அட்டோல் என்று உலகமே சொல்லுகிற வார்த்தை அவர்களுடைய திவேஹி மொழியிலிருந்து போனதாம். மேலே இருந்து பார்த்தால் அதற்கென்று ஒரு தனிச் சொல் ஏன் தேவைப்பட்டது என்று புரியும்.

தீவில் இறங்கியதும் முதல் வேலை கைக்கடிகாரத்தை மாற்றியது. பகல் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று சில ரிசார்ட்டுகள் மாலே நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்கின்றன. திரும்பும் நாளில் எந்த நேரம் சொல்கிறார்கள் என்று இரண்டு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது என் கார்டு வேலை செய்யவில்லை. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்யாமல் போயிருக்கிறேன். அதை ஊரிலிருந்தே செய்துவிட்டுப் போங்கள்.

வில்லாவுக்குப் போனோம். போட்டோவில் பார்த்த வீடுதான், சந்தேகமில்லை. ஆனால் போட்டோவில் பக்கத்தில் தெரிந்த அகன்ற வெள்ளை மணல் கரை இல்லை. கரையிருந்த இடத்தில் மணல் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள், தென்னையின் வேர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அலை நேராக மூட்டையில் வந்து மோதியது. படியில் கால் வைத்தால் இழுத்துவிடும் போல இருந்தது. சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். மழை சாய்வாக அடித்து அறைக்குள் வந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

ராத்திரி சாப்பாட்டில் பரிமாறிய பையன் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "நம்மூரா நீங்க?" என்றான். திசையன்விளைப் பக்கத்துக்காரன். நான் மணலைப் பற்றிப் புலம்பியதும் சொன்னான், "ஜூலைல மேக்க பாத்த ரூம எதுக்குக்கா எடுத்திய? இப்பம் காத்து மேக்க இருந்துல்லா அடிக்கி. மண்ணெல்லாம் கெழக்க போயிருக்கும். தை மாசம் காத்து மாறினா திரும்ப இங்கன வந்துரும்." அதுதான் விஷயம். பவளத் திட்டின் மேல் இருக்கும் அந்தத் தீவுகளில் மணல் காற்றுக்கேற்ப ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். விளம்பரப் படம் வெயில் காலத்தில் எடுத்தது. அந்தக் கரை இப்போது எங்களுக்கு முதுகுப் பக்கம் கிழக்கே கிடந்தது. மறுநாள் காலை அதைப் பார்த்தோம், நீளமாக, வெள்ளையாக, ஆளே இல்லாமல். மேனேஜரிடம் கேட்டதும் கிழக்குப் பக்கம் ஒரு வில்லாவுக்குச் சும்மாவே மாற்றிக் கொடுத்தார். சீசன் இல்லாததால் பாதி வீடுகள் காலி. கேட்டால் கிடைக்கும். கேட்கத் தெரிய வேண்டும். மழைக்காலத்தில் போகிறவர்கள் பதிவு செய்யும்போதே "கிழக்குப் பக்கம் வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள்.

அந்தச் சாப்பாட்டில் ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டோம். அறையில் இலவசமாக இரண்டு பாட்டில் வைக்கிறார்கள், சாப்பாட்டு மேசையில் வாங்கினால் பில். 9 டாலர் ++. மனதுக்குள் பெருக்கினேன், 996 ரூபாய். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அடுத்த ராத்திரியிலிருந்து அறைப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டுதான் சாப்பிடப் போனோம். வெட்கமெல்லாம் 996-ஐப் பார்த்ததும் போய்விட்டது. பானம் சேர்ந்த முழுச் சாப்பாட்டுப் பேக்கேஜ் விலை அதிகமாகத் தெரிந்தாலும், வெளியே போய் ஒரு டீ குடிக்க வழியில்லாத தீவில் அதுதான் கடைசியில் மலிவு என்பது என் கணக்கு.

கிழக்குப் பக்கம் போன பிறகு இரண்டு நாளும் நன்றாகத்தான் இருந்தது. மழை விட்டுவிட்டுத்தான் பெய்தது. மூன்று மணி நேரம் வெயில் காய்ந்தபோது தண்ணீர் கண்ணாடி போல ஆனது, இடுப்பளவு ஆழத்தில் நின்றுகொண்டு கால் நகத்தைப் பார்க்க முடிந்தது. ஒரு குட்டிச் சுறா, முழங்கை நீளம், கரையோரமாகப் போனது. நீச்சல் தெரியாத இவர் அது போகும் வழியிலேயே கூட நடந்தார்.

அலுவலகத்தில் ஒருத்தி மாலத்தீவு போக இப்போது என்னிடம் யோசனை கேட்கிறாள். ரிசார்ட்டுக்குப் பதில் மாஃபுஷி போல உள்ளூர் மக்கள் வாழும் தீவில் விருந்தினர் இல்லம் எடு, மாலேவிலிருந்து படகில் அரை மணிக்குச் சற்று மேல், சின்ன இல்லம் என்றால் பசுமை வரியும் 6 டாலர்தான், ஒரு நாள் மட்டும் பக்கத்து ரிசார்ட்டுக்குக் கட்டணம் கட்டிப் போய்வா என்றேன். அங்கே மது கிடையாது, நீச்சல் உடைக்கென்று தனிக் கரை. "அதுல சொகுசு எங்க இருக்கு?" என்கிறாள். நானும் அப்படித்தான் கேட்டேன். போகாத இரவு, ஹுல்ஹுமாலே அறையும் சாப்பாடும், பொய்த் தளம், அதிக எடை, எல்லாம் சேர்த்து வெறுமனே போன தொகை 83,500 சொச்சம். அந்தக் கணக்கு எழுதிய தாளை அவள் மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

திரும்பும் நாள் கடல் விமானம் காலையிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டது, எங்கள் விமானம் சாயங்காலம். படகில் பத்து நிமிஷத்தில் மாலேவுக்குப் போனோம். துறைமுகத்தை ஒட்டிய சந்தையில் இவர் ஒரு வெங்காய மூட்டை முன்னால் நின்றுவிட்டார். சாக்கில் தமிழ் எழுத்து. கொஞ்ச நேரம் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையில் கால் கிலோ மாசி வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் அத்தை பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தார்.

"நல்ல மாசிதான். தூத்துக்குடிலயே கிடைக்குமே, இதுக்கா போனிய?"